மாடிக்கும் வைஃபை: ஃபைபர் இணைப்பில் இரண்டாவது ரூட்டரைச் சேர்ப்பது எப்படி?

கீழ்த்தளத்தில் ஹாலில் ஃபைபர் பெட்டி; மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. காங்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே போவதற்குள் சிக்னல் தளர்ந்துவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் தளரும். இதற்காக 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக மாற்றினால் மாதக் கட்டணம்தான் ஏறும், மாடியில் எதுவும் மாறாது. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரும் ஒரு கேபிளும் போதும்.

ரிப்பீட்டர் வாங்கலாமே என்று பலரும் கேட்பார்கள். கீழிருந்து காற்றில் வாங்குவதையே அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால், சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் இழுக்க வழி இருக்கும் வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். அதைக் கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். உங்கள் ஃபைபர் பெட்டி ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது ரூட்டரும் அதே வேலையில் இறங்கினால், ஒரே தெருவுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் போட்டது போலாகிவிடும். ஒரு போனில் இணையம் வரும், பக்கத்துப் போனில் வராது. ஆகவே மாடி ரூட்டர் முகவரி கொடுக்கக் கூடாது. வைஃபையைப் பரப்பினால் போதும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதற்காகத்தான்.

படி 1: கேபிள்

கேட் 6 (Cat 6) என்ற வகை நெட்வொர்க் கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் வீட்டுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. கம்பியின் நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். முழுக்கச் செந்நிறமாக இருந்தால் செம்பு; அதையே வாங்குங்கள். இரண்டு முனையிலும் பிளக் அடித்தே விற்கும் கேபிள் தொடக்கநிலையினருக்கு நல்லது. நீங்களே பிளக் அடித்தால் (கிரிம்ப் செய்தால்) இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் இதைச் செருக வேண்டாம். தனி வழியில் கொண்டுபோங்கள்.

படி 2: கீழ்ப்பெட்டியின் முகவரி

கீழே வைஃபையில் இணைந்துள்ள போனில், அந்த இணைப்பின் விவரங்களைத் திறந்து ‘கேட்வே’ என்ற வரியைப் பாருங்கள். பல பெட்டிகளில் 192.168.1.1 என்றும், ஜியோ ஃபைபரில் பெரும்பாலும் 192.168.29.1 என்றும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டியின் ரீசெட் பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். நிறுவனம் போட்டுவைத்த அமைப்புகள் அழிந்தால், அவர்களின் ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். பச்சை நுனியுள்ள மெல்லிய ஃபைபர் கேபிளைக் கழற்றவோ மடக்கவோ வேண்டாம். அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

படி 3: மாடி ரூட்டரைத் தயார் செய்தல்

இரண்டு ரூட்டர்களையும் இன்னும் இணைக்காதீர்கள். மாடி ரூட்டரின் ரீசெட் துளையில் ஊசியை நுழைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள். லேப்டாப்பை அதன் லேன் (LAN) போர்ட்டில் கேபிளால் இணைத்து, அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை பிரவுசரில் திறங்கள். போனில் செய்வதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இணையம் இல்லாத வைஃபையை விட்டுவிட்டு, போன் டேட்டா பக்கம் தாவிவிடும், பக்கம் திறக்காது.

‘ஆபரேஷன் மோட்’ என்ற பகுதியில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பாதி வேலை முடிந்தது; வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

அந்த வசதி இல்லாத பழைய ரூட்டரில் இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் வைஃபை பெயர், கடவுச்சொல். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேல். அடுத்து, லேன் பகுதியில் ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழ்ப்பெட்டி 192.168.29.1 என்றால் 192.168.29.2). சப்நெட் மாஸ்க் 255.255.255.0. சேமித்ததும் பக்கம் அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். புதிய முகவரியில் மறுபடி நுழையுங்கள். கடைசியாகத்தான் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். அதை முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும்.

கீழ்ப்பெட்டி 2 என்று முடியும் அதே முகவரியை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடாமல் இருக்க, அதன் டிஹெச்சிபி வரம்பில் முகவரியின் கடைசி எண் 10-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள்.

படி 4: இணைப்பு

கீழ்ப்பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து மாடி ரூட்டரின் லேன் போர்ட்டுக்கு. வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் (WAN) போர்ட் காலியாகவே இருக்கட்டும். அதில் செருகினால் மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும். மாடியில் உள்ள போனிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. ஆக்சஸ் பாயின்ட் மோடில் மட்டும் வேன் போர்ட்டையும் பயன்படுத்த விடும் ரூட்டர்கள் பல உண்டு.

படி 5: சோதனை

முதலில் மாடிக்கு வேறு வைஃபை பெயர் வைத்தே சோதியுங்கள். எதில் இணைந்திருக்கிறீர்கள் என்ற குழப்பம் இருக்காது. மாடி வைஃபையில் இணைந்த போனிலும் கேட்வேயாகக் கீழ்ப்பெட்டியின் முகவரியே வர வேண்டும். வந்தால் எல்லாம் சரி. திட்டம் 200 ஆக இருந்தும் வேகம் 90-ஐ ஒட்டியே நின்றால், ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகப் பிடித்திருக்காது.

பிறகு இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்துவிடலாம். படியேறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் கீழ்ச் சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

மாடி ரூட்டரின் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, புதிய முகவரியை ஒரு தாளில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவையுங்கள். ஸ்டிக்கரில் உள்ள பழைய முகவரி இனி வேலை செய்யாது.