திராட்சை விதை எண்ணெயை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது?

ஒயினுக்காகத் திராட்சையைப் பிழிந்த பின் எஞ்சும் சக்கையிலிருந்து விதைகளைப் பிரித்து, உலர்த்தி எடுக்கப்படுவதே பெரும்பாலும் நாம் வாங்கும் திராட்சை விதை எண்ணெய். குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் பச்சை நிறமும் மெல்லிய பழ மணமும் இருக்கும். சுத்திகரித்த எண்ணெய் வெளிறிய நிறத்தில், ஏறக்குறைய மணமின்றி இருக்கும். சமைக்காமல் சேர்ப்பதற்கு முதல் வகையும் அடுப்பில் வைப்பதற்கு இரண்டாவது வகையும் ஏற்றவை.

இந்த எண்ணெயின் உண்மையான சிறப்பு சாலட்டில்தான் வெளிப்படுகிறது என்பது என் கருத்து. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், சிறிது கடுகு விழுது, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து நன்றாக அடித்தால், காய்களின் சுவையை மறைக்காத கலவை கிடைக்கும். ஆலிவ் எண்ணெய் குளிர்பதனப் பெட்டியில் உறைந்துவிடுவதுபோல் இது உறைவதில்லை. ஆகவே முன்கூட்டியே செய்து வைத்த கலவையும் எடுத்தவுடன் ஊற்றும் பதத்திலேயே இருக்கும். மயோனைஸ் செய்யவும், முட்டை, மாவு சேரும் கேக்குகளில் வெண்ணெயின் மணம் தேவைப்படாதபோதும் இதையே பயன்படுத்தலாம்.

வதக்குவதற்கு மிதமான தீ போதும். சுத்திகரித்த எண்ணெய் சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே புகையும் என்பதைக் காட்டி, இது பொரிப்பதற்குச் சிறந்தது என்று பலர் பரிந்துரைப்பதை நான் ஏற்பதில்லை. புகையாமல் இருப்பதும் கெடாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதில் ஏறத்தாழ 70 விழுக்காடு லினோலெயிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பு உள்ளது; நீண்ட நேரச் சூட்டில் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து வேண்டாத சேர்மங்களாகச் சிதையும். பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சுவது அதைவிடக் கேடு.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்புக்கு மாற்றாக இதைக் கொள்ளும்போது ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் குறைய வாய்ப்புண்டு. ஏற்கெனவே உண்ணும் கொழுப்போடு கூடுதலாகச் சேர்த்தால் அந்தப் பயன் கிடைக்காது. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரியும், பெரியவர்களின் அன்றாடத் தேவையில் கால் பங்குக்கு நெருக்கமாக, ஏறத்தாழ 4 மில்லிகிராம் வைட்டமின் ஈயும் உள்ளன. ஒமேகா-3 மிகச் சொற்பமே என்பதால் அதற்கு ஆளிவிதை, மீன் போன்றவற்றை நாட வேண்டும். திராட்சை விதையின் புகழ்பெற்ற பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் எண்ணெயில் அதிகம் கரைவதில்லை; அவற்றில் பெரும்பகுதி பிழிந்த விதைச் சக்கையிலேயே தங்கிவிடும். எனவே, விதைச் சாறு மாத்திரைகளைப் பற்றிச் சொல்லப்படும் பயன்களை இந்த எண்ணெயின்மேல் ஏற்றிச் சொல்வது தவறு.

பிசுபிசுப்புக் குறைவாக இருப்பதால் உடலில் தேய்த்துப் பிடித்துவிடவும் ஏற்றது. முதலில் முன்கையில் சிறிதளவு தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.

சிறிய, கருநிறக் கண்ணாடிப் புட்டியாக வாங்கி, திறந்த பின் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். காறல் வாடை வந்துவிட்டால், எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதைச் சமையலில் சேர்க்க வேண்டாம்.