செத்தெங்ஙா தூஜூ என்றால் ஏழரை இல்லை

வேலைக்காக ஜகார்த்தா போகிறவர்கள் சிலருக்கு ஞாயிறு மாலைகளில் இந்தோனேசிய மொழி சொல்லித்தருகிறேன். முதல் பயிற்சி எப்போதும் காலைப் பொழுதுதான். எழுவது பாங்குன், குளிப்பது மண்டி, காலைச் சாப்பாடு சாராபான். சொற்கள் இரண்டு நாளில் பழகிவிடும், உச்சரிப்பும் கேட்கக் கேட்கச் சரியாகும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் அன்று செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது.

அரை மணிக் கணக்கு

ஜாம் என்றால் மணி. செத்தெங்ஙா என்றால் பாதி. தூஜூ என்றால் ஏழு. 'ஜாம் செத்தெங்ஙா தூஜூ' என்று கேட்டதும் நம் மனம் ஏழரை என்று கூட்டிவிடும். தப்பு. அது ஆறரை. ஏழாவது மணியில் பாதி ஓடியிருக்கிறது என்பதே அங்குள்ள கணக்கு. டச்சு மொழியிலும் இதே வழக்குதான்.

எனக்கு இது பணத்தோடு போன பாடம். ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் போக, அங்கே 'ட்ராவல்' என்று சொல்லும் வேனில் இடம் பிடித்திருந்தேன். வண்டி 'செத்தெங்ஙா எனாம்' என்று போனில் சொன்னார்கள். எனாம் என்றால் ஆறு. ஆறரை என்று எடுத்துக்கொண்டு ஆறேகாலுக்கே போய் நின்றேன். வண்டி ஐந்தரைக்கே கிளம்பிப் போயிருந்தது. டிக்கெட் பணம் திரும்பவில்லை. அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். இந்த ஒன்றை முதல் வகுப்பிலேயே எனக்குச் சொல்லித்தராததுதான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

மலேசிய உறவினர்களிடம் மலாய் பழகியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 'எனாம் செத்தெங்ஙா' என்றால் ஆறரை. நம் தமிழைப் போலவே எண் முன்னால், அரை பின்னால். இந்தோனேசியாவில் வரிசை மாறினால் ஒரு மணி நேரம் மாறிவிடுகிறது.

யாராவது 'செத்தெங்ஙா தூஜூ' என்று சொன்னால் உடனே 'எனாம் தீகா பூலூ?' என்று திருப்பிக் கேளுங்கள். ஆறு முப்பதா என்று அர்த்தம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஜாம் எங்கே நிற்கிறது?

'ஜாம் தூஜூ' ஏழு மணி. 'தூஜூ ஜாம்' ஏழு மணி நேரம். தமிழில் இரண்டுக்கும் எண்தான் முன்னால் வரும், அதனால் 'பாங்குன் தூஜூ ஜாம்' என்று வாயில் வந்துவிடுகிறது. எழுந்தது ஜாம் தூஜூ, தூங்கியது தூஜூ ஜாம்.

குளித்தேனா, குளிப்பேனா?

வினைச்சொல் மாறாது. மண்டி எப்போதும் மண்டிதான். இன்று காலை நடந்து முடிந்ததற்கு 'தாடி பாகி', நாளைக் காலைக்கு 'பெசோக் பாகி' என்று காலத்தைச் சேர்த்தால் போதும்.

அப்புறம், 'சூடா மண்டி?' என்று கேட்பார்கள். குளித்தாச்சா என்று அர்த்தம். இல்லை என்பதற்கு எல்லோரும் கற்கும் முதல் சொல் தீடாக். அதை இங்கே சொல்லாதீர்கள். 'பெலூம்', அதாவது இன்னும் இல்லை. நாமும் 'இன்னும் இல்லை' என்றுதானே சொல்வோம்?

தலைக்குக் குளித்தால்

கெராமாஸ். மண்டியோடு தலையைச் சேர்த்துச் சொல் கட்ட வேண்டாம்.