அண்ணாமலை நகருக்குப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறீர்களா? அறை தேடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை, மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி நடன விழா, இந்த நாட்களில் சிதம்பரத்தில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

ரயிலில் வருவதுதான் வசதி. ஸ்டேஷனுக்குக் கிழக்கே பல்கலைக்கழகம், மேற்கே ஊரும் கோயிலும். ஆட்டோ ஏறும் முன் எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடராஜர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும், அதனால் தரிசனத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் இந்த ஊரின் பெருமை கத்திரிக்காய் கொத்சு. புளியும் வறுத்து அரைத்த மல்லி, மிளகாயும் சேர்ந்த அந்த மணம் வேறெங்கும் இப்படி அமையாது. கோயில் மரபில் இதற்கு ஜோடி மிளகு, சீரகம், நெய் சேர்த்த சம்பா சாதம். ஹோட்டலில் இட்லிக்கு "கொத்சு இருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் காலையோடு தீர்ந்துவிடும். விடுதிச் சாப்பாடு அலுத்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஞாயிறு கிடைத்தால் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போங்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போக வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடல் உயிரினங்களில் ஆர்வமுள்ள மாணவர்கள் பரங்கிப்பேட்டையையும் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது.