விஸ்கி ஆலைக்கு நண்பர்களோடு சுற்றுலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் கூடி விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அது ஒரு மதுவிருந்து என்று குழுவில் யாராவது ஒருவர் நினைத்துக்கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன. சுவைத்துப் பார்ப்பது சுற்றின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு முன் வழிகாட்டி நம்மை அழைத்துச் செல்வது கொதிக்கும் கலன்களும், எளிதில் தீப்பற்றும் ஆவியும், வேலையில் மூழ்கிய ஆட்களும் உள்ள ஒரு தொழிற்சாலைக்குள்.

முன்பதிவு செய்யும்போதே முதல் பிழை நிகழ்ந்துவிடுகிறது. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள், அந்த இடத்தில் இப்போது விஸ்கி வடிக்கிறார்களா என்று கேட்பதில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் போ தெருவில் உள்ள ஜேம்சன் ஆலையில் வடிப்பு 1971-இலேயே நின்றுவிட்டது. இன்று ஜேம்சன் தயாராவது கார்க் மாவட்டத்தின் மிடில்டனில். போ தெருவில் கிடைப்பது வரலாறும் சுவைத்தலும்தான். அதற்காகவே போகலாம், ஆனால் வடிகலன் ஓடுவதைக் காணும் ஆசையோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஓடுகிற ஆலைகளும் ஆண்டுக்குச் சில வாரங்கள் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்துவதுண்டு. ஸ்காட்லாந்தில் இது பெரும்பாலும் கோடையில், அதாவது பயணிகள் அதிகம் வரும் மாதங்களிலேயே அமைந்துவிடுகிறது. ஆகவே தேதியைக் குறிக்கும் முன் ஆலைக்கே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரே நாளில் நான்கு ஆலைகள் என்று திட்டமிடுவது அடுத்த தவறு. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் ஏறத்தாழ ஐம்பது ஆலைகள் நெருங்கி இருப்பதால் இந்த ஆசை எளிதில் எழுகிறது. ஆனால் அரைத்தல், வெந்நீரில் ஊறவைத்தல், நொதிக்கவைத்தல், வடித்தல், பீப்பாயில் நிரப்புதல் என்னும் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மூன்றாவது வழிகாட்டி அதையே விளக்கத் தொடங்கும்போது நண்பர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். இரண்டு போதும் என்பது என் கருத்து. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்க வேண்டும். பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டவைக்கும் பழைய முறையைத் தன் தேவையில் ஒரு பங்குக்காவது இன்னும் கைவிடாத லாஃப்ரோய்க், பால்வெனி போன்ற ஆலை ஒன்று அதில் அமைந்தால் மிகவும் நல்லது.

வண்டி ஓட்டுவது யார் என்பதைச் சுவைத்தல் அறையில் முடிவு செய்யலாம் என்று தள்ளிப்போடுவதே எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. கணக்கு எளிமையானது. இருபது மில்லி வீதம் ஐந்து மாதிரிகள், எல்லாம் நீர் கலக்காத பீப்பாய்ச் செறிவில் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் தூய ஆல்கஹால் 55 மில்லி. உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மில்லியை மட்டுமே வெளியேற்றும் என்பதால், அது முழுவதும் தீர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வண்டி ஓட்டுபவருக்கான அனுமதி வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால். பக்கத்திலுள்ள இங்கிலாந்தில் அது 80. ஓட்டுநரின் பங்கைச் சிறு புட்டிகளில் அடைத்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. அதைத் தயங்காமல் கேட்டு வாங்கலாம். வண்டியே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் போர்ட் எலன் ஊரிலிருந்து லாஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்றையும் இணைக்கும் நடைபாதை இருக்கிறது.

ஆலைக்குள் கைப்பேசியை அணைக்கச் சொன்னால், தொழில் இரகசியத்தைக் காக்கத்தான் என்று எண்ணிக் கள்ளத்தனமாகப் படம் எடுப்பவர்கள் உண்டு. உண்மைக் காரணம் தீ. 1960 மார்ச் 28 அன்று கிளாஸ்கோவின் சீப்சைடு தெருவில் இருந்த விஸ்கிக் கிடங்கு தீப்பிடித்து வெடித்ததில், அணைக்கப் போன 19 பேர் உயிரிழந்தார்கள். நொதிகலத்தின் மூடியைத் திறந்து வழிகாட்டி முகரச் சொல்லும்போது, “இன்னும் குனிந்து பார்” என்று நண்பனை உசுப்பிவிடுவதும் நல்ல விளையாட்டன்று. காற்றைவிடக் கனமான கரியமில வாயு நுரைக்கு மேலே படிந்து நிற்கும். அதை ஆழ்ந்து இழுத்தால் மூக்கில் ஊசி குத்தியதுபோல் இருக்கும், மயக்கமும் வரலாம். இரும்பு வலைப் படிகள் இருப்பதால் மூடிய, தட்டையான காலணி தேவை. வாசனைத் திரவியத்தை அன்று தவிர்த்துவிடுங்கள். உங்களைவிட அருகில் நிற்பவருக்குத்தான் அது இடைஞ்சல்.

விஸ்கி வடிக்கும் செப்புக் கலன்களின் முன் கதை பேசிக்கொண்டே கடந்துவிடுவதுதான் எனக்கு அதிக வருத்தம் தரும் தவறு. அங்கே கண்ணாடிப் பக்கங்களோடு பூட்டிய ஒரு பித்தளைப் பெட்டி இருக்கும். வடிந்து வரும் திரவத்தின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்பும் முடிவு அந்தப் பெட்டியில்தான் எடுக்கப்படுகிறது. எந்தச் செறிவில் தொடங்கி எந்தச் செறிவில் வெட்டுகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாகப் பேசிவந்த வழிகாட்டி அங்கிருந்து வேறு மனிதராக மாறிவிடுவார். மாறாக, தனக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்காகவே கேள்வி கேட்கும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைச் சற்றுப் பின்வரிசையில் நிறுத்துவது மற்றவர்களின் பொறுப்பு.

சுவைக்கும்போது ஒரே மடக்கில் விழுங்குவதும், குவளைக்குள் மூக்கை நுழைத்து இழுப்பதும் நாசியை மரத்துப்போகச் செய்யும். வாயைச் சிறிதே திறந்துகொண்டு, குவளையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்ந்தால் மணம் தெளிவாகப் பிடிபடும். தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பதாகும் என்ற வீராப்புக்கும் இடமில்லை. புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் மூலக்கூறுகள், செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்கின்றன என்று 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி வழியாகக் காட்டியிருக்கிறார்கள். புகை மணம் மிகுந்ததைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குடித்தால் பின்னால் வரும் மென்மையான எதுவும் நாவில் பதியாது. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். குடிக்காத நண்பரை வற்புறுத்தவும் வேண்டாம். முகர்ந்து பார்ப்பதிலேயே அவர் பாதிச் சுவையை அறிந்துவிடுவார்.

ஆலையில் மட்டும் விற்கும் புட்டியைக் கண்டதும் ஆளுக்கு அரை டஜன் வாங்கும் வேகம் பிறக்கும். விமானத்தில் திரும்புகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 24 சதவீதத்துக்கு மேல் 70 வரை செறிவுள்ள மதுவை ஒருவர் ஐந்து லிட்டர் வரைதான், பிரிக்காத சில்லறைப் புட்டிகளில், கொண்டுபோக முடியும். 70-ஐத் தாண்டினால் அறவே அனுமதியில்லை. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதைத் தாண்டினால், மிச்சப்படுத்தியதாக நினைத்த தொகை வரியாகப் போய்விடும்.