ஒற்றை ஆளாக மோதுவதா, பாஸ் கொடுப்பதா: அணியின் சிறந்த வீரருக்கான செய்முறை விளக்கம்

கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடுபவருக்கு எல்லோரும் தரும் அறிவுரை "பந்தைப் பகிர்ந்து ஆடு" என்பதுதான். எப்போது, யாருக்கு என்பதை யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில், மைக்கேல் ஜோர்டன் சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆடிய ஆண்டுகளைக் கொண்டு இதை விளக்கலாம். 1986-87 பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.1 புள்ளிகள் எடுத்தும், புல்ஸ் 82 ஆட்டங்களில் 40-ஐ மட்டுமே வென்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1990-91-இல் அவரது சராசரி 31.5 ஆகக் குறைந்தது. அணியோ 61 ஆட்டங்களை வென்று முதன்முறையாகச் சாம்பியன் ஆனது. சக வீரர்கள் ஸ்காட்டி பிப்பனும் ஹோரஸ் கிராண்டும் வளர்ந்ததும், பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் முக்கோணத் தாக்குதல் முறையை (மூன்று வீரர்கள் முக்கோணமாக நின்று பந்தைப் பகிர்ந்து ஆடுவது) கொண்டுவந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

படி 1: எதிரில் எத்தனை பேர் என்று பாருங்கள்

பந்து கைக்கு வந்ததும் உடனே தட்டத் தொடங்காமல், கூடையை நோக்கித் திரும்பி, உங்களைத் தடுக்க நிற்பவர் ஒருவரா இருவரா என்று கவனியுங்கள். ஒருவர்தான் என்றால் தயங்காமல் தாக்குங்கள். அந்த இடத்தில் பாஸ் கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நான் கருதமாட்டேன். இருவர் என்றால், உங்கள் அணியின் மற்ற நால்வரைத் தடுக்க மூவரே மிஞ்சியிருக்கிறார்கள்.

படி 2: பாஸின் நேரத்தைப் பழகுங்கள்

பழக அதிக நாள் பிடிப்பது இதுதான். சீக்கிரம் கொடுத்துவிட்டால் உங்களை நோக்கி வந்த இரண்டாமவர் திரும்பிப் போய்த் தன் ஆளைப் பிடித்துக்கொள்வார். தாமதித்தால் இருவரின் கைகளும் உங்களைச் சூழ்ந்துவிட, பந்து உயரமாகவும் மெதுவாகவும் போய் இடைமறிக்கப்படும். இரண்டாமவர் தன் ஆளை விட்டு இரண்டு எட்டு விலகி, உடல் எடை முழுவதையும் உங்கள் பக்கம் சாய்த்திருக்கும் நொடியே சரியான நொடி. முடிவெடுக்கும் முன் தரையிலிருந்து குதித்து எழாதீர்கள். வாங்குபவர் குனியாமல் அப்படியே ஷூட் செய்யும்படி பந்து அவர் மார்புயரத்தில் சேர வேண்டும். பயிற்சிக்கு, பாதிக் களத்தில் மூவருக்கு மூவராக ஆடி, பயிற்சியாளர் சைகை காட்டும்போது மட்டும் இரண்டாமவர் ஓடிவரட்டும். நீங்கள் இரண்டு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது.

உங்கள் பாஸிலேயே கூடை விழ வேண்டும் என்பதில்லை. 1993 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு எதிரான கடைசிக் கால் பகுதியில், கடைசி ஷாட்டுக்கு முன்புவரை புல்ஸ் எடுத்த 9 புள்ளிகளும் ஜோர்டனுடையவை. ஆனால் 96-98 என்று பின்தங்கியிருந்தபோது, பந்து அவரிடமிருந்து பிப்பனுக்கும், பிப்பனிடமிருந்து கிராண்டுக்கும், அங்கிருந்து இன்னொரு சக வீரரான ஜான் பாக்சனுக்கும் போனது. 3.9 நொடிகள் மீதமிருக்கையில் பாக்சனின் மூன்று புள்ளி ஷாட் வெற்றியைத் தந்தது.

படி 3: தொடக்கத்திலேயே அனைவரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்

மூன்று கால் பகுதிகள் பந்தையே தொடாதவரிடம் கடைசி நிமிடத்தில் கூடை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1991 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஜோர்டன் 33 புள்ளிகளோடு 13 அசிஸ்ட்களும் (சக வீரர் கூடை போட வழிவகுத்த பாஸ்கள்) கொடுத்தார்; பாக்சன் எறிந்த 8 ஷாட்களும் கூடையில் விழுந்தன. கோப்பையை உறுதி செய்த ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அதே பாக்சன் 10 புள்ளிகள் எடுத்தார்.

படி 4: கொடுத்துவிட்டு நிற்காதீர்கள்

பாஸ் கொடுத்ததும் கூடையை நோக்கி ஓடுங்கள்; உங்களைக் காப்பவர்கள் பின்தொடர்ந்தே ஆக வேண்டும்.

படி 5: முன்கூட்டியே பேசிவையுங்கள்

1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், யூட்டா ஜாஸ் அணியுடன் 86-86 என்று சமநிலையில் இருந்தபோது, அந்த அணியின் ஜான் ஸ்டாக்டன் தன்னைத் தடுக்க ஓடிவருவார் என்று டைம்-அவுட்டிலேயே சக வீரர் ஸ்டீவ் கெரிடம் ஜோர்டன் சொல்லிவைத்தார். அப்படியே நடந்தது, தனித்து நின்ற கெர் கூடை போட்டார். நீங்களும் டைம்-அவுட்டில் பாஸ் வாங்கப்போகும் வீரரின் பெயர் சொல்லி, அவர் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுங்கள். அவர் ஷாட் தவறினாலும், அடுத்த முறை உங்களிடம் இருவர் வந்தால் பந்து மீண்டும் அவருக்கே போகட்டும்.