மீட்ட பைக்கில் போலி நம்பர்: கோர்ட்டில் வாங்கிய விதம்

ஊட்டியில் திருடு போன பைக் மீட்கப்பட்டும் கைக்கு வரவில்லை. ஸ்டேஷனில் "கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கோர்ட் அலுவலகத்தில் "அந்த நம்பரில் வழக்குச் சொத்து எதுவும் வரலை". ஆர்.சி., எஃப்.ஐ.ஆர். நகல் காட்டியும் பயனில்லை. திருடன் போலி நம்பர் பிளேட் மாட்டியிருந்தான். மகஸரிலும் (பொருளைக் கைப்பற்றியதற்கான போலீஸ் குறிப்பு) படிவம் 95-லும் (அதைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்) அந்தப் போலி நம்பரே ஏறியிருந்தது. சேசிஸ் நம்பரை வைத்துத் தேடச் சொன்னதும் அகப்பட்டது. அப்பாடா!

அடுத்து, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 497-இல் (பழைய சி.ஆர்.பி.சி. 451) இடைக்கால ஒப்படைப்பு மனு, அதாவது வழக்கு முடியும்வரை வண்டியை நம்மிடம் தரக் கேட்கும் மனு. மீட்ட ஸ்டேஷனின் குற்ற எண், அசல், போலி இரண்டு பதிவெண்கள், சேசிஸ், இன்ஜின் எண்கள் அதில் இருக்கட்டும். வண்டி கோர்ட் கணக்கில் ஏறாவிட்டால் பிரிவு 503-இல் மனு. பிறகு பிணைப்பத்திரம், ஜாமீன்தாரர், போட்டோ. வழக்கு முடியும்வரை விற்கவோ உருமாற்றவோ கூடாது. மழையில் நின்ற வண்டி என்பதால் எடுக்கப் போகும்போது பேட்டரியும் செயின் ஆயிலும் கொண்டு போங்கள்.