புளோக்குக்குக் கீழே சுஷி கடையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வீட்டுப் புளோக்குக்குக் கீழேயே, அதிகச் செலவு வைக்காத சுஷி கடை ஒன்று திறந்தால் குடும்பத்தோடு போகத்தான் தோன்றும். தாராளமாகப் போங்கள். ஆனால் உட்கார்ந்ததும் மெனுவில் பாதியை ஒரே மூச்சில் ஆர்டர் செய்துவிடாதீர்கள். சுஷியில் மீனைவிடச் சோறுதான் முக்கியம். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து இளஞ்சூட்டில் பிடித்த அந்தச் சோறு காத்திருந்தால் காய்ந்து போகும். மேலே சுற்றிய நோரி பாசி ஈரம் உறிஞ்சி, ரப்பர் மாதிரி இழுக்கும். இரண்டு மூன்று தட்டு வாங்குங்கள், சாப்பிட்டு முடித்து அடுத்ததைச் சொல்லுங்கள். புதுக் கடை எப்படி என்பதும் முதல் தட்டுச் சோற்றிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், சோற்றுப் பக்கத்தை சோயா சாஸில் முக்காதீர்கள். சோறு உதிரும், உப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். திருப்பிப் பிடித்து மீன் பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும். கையால் சாப்பிடலாம், ஜப்பானிலும் அது வழக்கம்தான். இஞ்சி ஊறுகாயை சுஷி மேல் வைக்க வேண்டாம், ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடித்துக்கொள்ளுங்கள்.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது சைவம் சாப்பிடுகிற அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப்போய், மீன் துண்டு கண்ணில் படவில்லை என்பதற்காக மிசோ சூப்பை அவர்கள் முன் வைப்பது. அதன் அடிப்படையே பெரும்பாலும் தாஷி என்ற சாறு. நம் மாசிக் கருவாடு மாதிரி காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. முட்டை சுஷியிலும், இனாரி என்ற சுஷியின் இனிப்பு டோஃபு உறையிலும் அது சேர்வது சகஜம். நோரியில் சுருட்டிய மாகி வகையில் வெள்ளரிக்காய் மாகி, அவகாடோ மாகி இரண்டும் கொஞ்சம் நம்பிக்கையானவை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முஸ்லிம் நண்பர்கள் உடன் வந்தால், "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. மிரின், சாக்கே போன்ற மதுவகைகள் சாஸில் கலந்திருக்கலாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

2015இல் இங்கே சிங்கப்பூரில் பச்சை மீன் சாப்பிட்டுப் பலர் நோயுற்றதை நினைத்து இன்றும் சுஷியைத் தொடாதவர்கள் உண்டு. அந்தக் கிருமித் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டவை நன்னீர் மீன்கள். சமைக்காமல் உண்ணும் உணவுகளில் அவற்றைப் பயன்படுத்த அந்த ஆண்டே தடை வந்தது. சுஷிக்கு வழக்கமாக வரும் சால்மன், சூரை எல்லாம் கடலில் பிடித்தவை அல்லது கடலில் வளர்த்தவை. ஆனாலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்க்கட்டும். வெந்த இறால், உனாகி என்ற வாட்டிய விலாங்கு மீன் இருக்கவே இருக்கின்றன.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 20 வெள்ளிச் சாப்பாடு 23 வெள்ளி 98 காசு ஆகிவிடும். சேவைக் கட்டணம் வாங்காத கடைகளும் உண்டு, மெனுவின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் நேரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பச்சை மீன் தாங்காது. நாளைக்கென்று குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கல்லாகிவிடும்.